எஸ்தர் டாக்டர் ஊசியால் இறக்கவில்லை

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அன்று கோமாரித் தடுப்பூசி முகாம். மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். எங்கள் கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் எஸ்தர் இன்னும் வரவில்லை. அங்கே ஆய்வாளராக இருக்கும் நான் அவருக்குப் போன் செய்தேன். எடுத்தது அவர் கணவர் சாமுவேல் சார்.

"வசந்தி, எஸ்தர் போயிட்டாம்மா. டீ போட்டுக்கிட்டு இருந்தா. நெஞ்சை அடைக்குதுன்னு உக்காந்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

முகாமில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பசுவோடு நின்ற ஒரு பெண் கேட்டார்: "டாக்டரம்மா வலிக்குன்னு கழுத்துல ஊசி போட்டுக்கிட்டாங்களே, அதனாலயா?"

நான் அழக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் காரணம் தயாராகிவிட்டது. கல்லறைத் தோட்டத்திலும் அதே பேச்சு. பால் சொசைட்டியிலும் இன்றுவரை அதே பேச்சு. மாரடைப்பு என்று மருத்துவர்கள் சொன்னதும், ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதும் யார் காதிலும் ஏறவில்லை. அதனால்தான் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

சீர்காழிப் பக்கத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, படித்து டாக்டரானவர். சினைப் பரிசோதனை என்றால் தோள்வரை கையை மாட்டுக்குள் விட வேண்டும். பல வருடம், பல ஆயிரம் மாடு. ஒருநாள் வலது தோளில் தொடங்கிய வலி கட்டைவிரல்வரை கரண்ட் அடிப்பதுபோல் இறங்கியது. ஸ்கேன் எடுத்தபோது, கழுத்தில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவது தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் சொக்கியது. சாப்பிடாவிட்டால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்தே உறங்கினார்.

வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி கொஞ்சம் அடங்கும். மருந்தகத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களுக்கு அது பொறுக்காது. "என்ன டாக்டரம்மா, தலையில கை வச்சுக்கிட்டு? வீட்டுல ஏதும் கஷ்டமா?" என்பார்கள். "கஷ்டம் இல்லங்க, கழுத்து வலி" என்று முதல் சில மாதங்கள் பொறுமையாகச் சொன்னார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒருவர், "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போன அன்று என்னிடம் சொன்னார்: "வலிக்கு சாட்சி கிடையாது வசந்தி. கட்டுப் போட்டிருந்தா நம்புவாங்க."

தஞ்சாவூரில் மருத்துவரைப் பார்க்கப் போனபோது நானும் உடன் போனேன். பயிற்சியும் மாத்திரையும் பலிக்காததால் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் அவர். "எக்ஸ்ரேயில பாத்துக்கிட்டே நரம்புக்குப் பக்கத்துல மருந்தைப் போடுவோம். நிறைய பேருக்கு வலி குறையுது. சிலருக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. குறைஞ்சாலும் சில மாசம்தான் நிக்கலாம். ரிஸ்க் கொஞ்சம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் எஸ்தர் மேடம், "மனுஷன் உண்மையைச் சொல்றார். அதான் பயமா இருக்கு" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பயத்திலேயே போனது. கை கால் விழுந்துவிடும் என்றார் அவருடைய அண்ணன். சபையில் ஒருவர் ஜெபித்தால் போதும் என்றார். இன்னொருவர் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டுக்காரர்கள், "எங்க மாட்டுக்கு மட்டும் படக்குனு குத்துறீங்க" என்று கேலி செய்தார்கள். "மாடு என்னைக் கேள்வி கேக்காது. நான் கேப்பேனே" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலோசனை சொன்ன யாரும் அவர் வலியில் ஒரு துளியை வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் முடிவு மட்டும் அவர்களுடையதாக இருந்தது.

பிறகு அந்தக் கன்று. பசுவின் வயிற்றுக்குள் தலை மடங்கிக் குறுக்கே கிடந்தது. பசு களைத்துத் தரையில் விழுந்துவிட்டது. மேடம் கையை உள்ளே விட்டு, கன்றின் முகவாயைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். பாதியில் கை மரத்துப்போனது. வெளியே எடுத்து உதறினார். இடது கையால் முயன்றார். எப்படியோ கன்றை இழுத்து எடுத்தபோது அதற்கு உயிரில்லை. பசு பிழைத்தது. மாட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, "தாய் நிக்குதே, அது போதும்மா" என்றார். மேடம் வாய்க்காலில் கை கழுவியபடி வெகுநேரம் நிமிரவே இல்லை. வண்டியில் ஏறியதும், "தஞ்சாவூருக்குப் போன் போடு. ஊசி போட்டுக்கிறேன்" என்றார்.

போட்டுக்கொண்டார். முதல் சில நாள் வலி கூடியது. "எல்லாரும் சொன்னது சரிதானோ" என்று என்னிடம் கேட்டார். பிறகு மெல்லக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை, கட்டைவிரல் மரப்பு அப்படியே இருந்தது. ஆனால் கட்டிலில் படுத்து உறங்கினார். ஒருநாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தார். "சடையும் நானே பின்னினேன், பூவும் நானே வச்சேன்" என்று திரும்பி நின்று காட்டினார். அவர் இறப்பதற்கு முன் கிடைத்த அந்த நல்ல காலம் சில மாதங்கள்தான். பயந்து பயந்து வீணாக்கிய காலம் அதைவிட நீளம். எனக்கு ஆறாத விஷயம் அதுதான். ஊசி அவர் உயிரை எடுக்கவில்லை. கடைசியில் அவருக்குக் கிடைத்த தூக்கம் அது கொடுத்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அறுவடை மிஷின் ஓட்டும் என் அண்ணனுக்கும் இதே வலி. அவனையும் மருத்துவர் ஊசியைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருந்தார். மேடம் இறந்த மறுநாள் மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிட்டான். "உங்க டாக்டரம்மாவே போயிட்டாங்க, என்னை ஏன் அனுப்புற?" என்றான். நான் கத்தினேன். அவன் எழுந்து போய்விட்டான்.

அப்புறம்தான் மேடத்தின் பழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது. தனக்கு வலி வந்த பிறகு, எங்கேயோ வலிக்கிறது என்று யார் சொன்னாலும் அவர் வைத்தியம் சொன்னதில்லை, சரியாகிவிடும் என்றும் சொன்னதில்லை. "எப்படித் தூங்குறீங்க?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் அதைக் கேட்டேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னான், அண்ணிக்குக்கூடத் தெரியாததை. தஞ்சாவூருக்கு வருவதாக இன்னும் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை. மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான். வரும் ஞாயிறும் கேட்பேன்.