லூராவின் சிவப்பு இலையும் யோகராணி அன்ரியின் வயிற்றெரிச்சலும்

இன்று ஹோம்புஷில், தோசைக்கடை வாசலில், எதிர்ப்பட்டவர் யோகராணி அன்ரி! இரண்டு கையிலும் பை நிறைய மரக்கறி, முகம் முழுக்கச் சிரிப்பு. நோர்வேயிலிருந்து அவருடைய அண்ணா முதல் தடவையாக சிட்னிக்கு வருகிறார். அந்தப் பயணம் எப்படி வாய்த்தது என்ற கதை இருக்கிறதே, அதை எழுதாமல் தூக்கம் வராது!

அன்ரியின் வீடு நார்த்மீட்டில். வேலை பிளாக்டவுனில், ஒரு குழந்தைகள் காப்பகத்துக் குசினியில். சின்னஞ்சிறுசுகளுக்குப் பழம் வெட்டி, பாஸ்தா அவித்து, வாரம் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பவர். ஞாயிறு பின்னேரம் மட்டும் தேத்தண்ணியோடு கதிரையில் சாய்வார். சரியாக அந்த நேரத்தில்தான் லண்டனில் விடிந்து, தங்கை மிருணாளினியின் குரலும் படங்களும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும்.

போன செப்டெம்பரில் ஒரு ஞாயிறு. "அண்ணா, அக்கா, இஞ்ச இப்பதான் நல்ல வெதர்! காலமை லேசாக் குளிருது, பத்து மணிக்குப் பிறகு ஜாக்கெற்றைக் கழட்டலாம். நேற்று நாங்கள் கென்ற் பக்கம் போய் அப்பிள் புடுங்கினாங்கள். வாற வழியில வேலி முழுக்க பிளாக்பெரி, வாளி கொள்ளேல்லை! அண்ணா, றிச்மண்ட் பார்க்கில நீங்கள் போன வருசம் ரோல்ஸ் சாப்பிட்ட மரத்தடி ஞாபகமோ? மான் அதில வந்து நிக்குது!"

நோர்வேயின் வடகோடியில் இருக்கும் கிருபாகரன் அண்ணா உடனே எழுதினார்: "ஆகா! இலை சிவக்கத் தொடங்கீட்டுதோ?"

அன்ரிக்குத் தேத்தண்ணி கசந்தது. அண்ணா வருடா வருடம் லண்டனுக்குப் போவார். சிட்னிப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த மரத்தடியில் தான் ஒரு தடவையாவது அண்ணாவோடு இருந்து ரோல்ஸ் சாப்பிட்டதுண்டா?

அதற்கு மேல்தான் அண்ணாவின் அடுத்த செய்தி வந்தது. "வாற ஏப்ரல் எனக்கு அறுபது. ஒரு தங்கச்சி வீட்டில கொண்டாடுற யோசினை. ராணி, குறை நினைக்காத. சிட்னியில வெயிலைத் தவிர என்ன கிடக்கு? லண்டன் எண்டா ஆறுதலா நடந்து திரியலாம்."

அறுபதாவது பிறந்தநாளும் மிருணாவுக்கா! அன்ரிக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. போனில் இருந்த பழைய படங்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். சிட்னிக்கு மேற்கே மலைப்பக்கம் இருக்கும் லூரா ஊருக்குப் போனபோது எடுத்தது ஒன்று அகப்பட்டது. தெருவின் இரு கரையும் மரங்கள் சிவந்து நிற்கின்றன. நிலம் தெரியாமல் இலை. படத்தைப் போட்டு, கீழே எழுதினார்: "இண்டைக்கு நாங்கள் லூரா போனாங்கள். இஞ்சயும் இலையுதிர் காலம்தான்!"

தங்கையின் காலநிலையைக் கேட்டுக் கேட்டு, அன்றைக்கு அதையே தன் ஊர்க் காலநிலையாக எண்ணிவிட்டார் அன்ரி. காப்பகத்துப் பிள்ளைகள் வசந்தம் வந்ததென்று கடதாசிப் பூ ஒட்டிக்கொண்டிருந்த மாதம் அது!

மிருணாளினி விடவில்லை. "அக்கா, உங்களுக்கு இப்ப ஸ்பிரிங் எல்லோ? போன கிழமைதானே பூத்தூசியில தும்மித் தும்மிச் சாகிறன் எண்டு சொன்னனீங்கள்?"

கனடாவில் நடுச்சாமத்திலும் முழித்திருந்த ஒன்றுவிட்ட தம்பி சுஜீதன் உடனே பாய்ந்தான். "செப்டெம்பரில சிட்னி இலை சிவப்போ? பெயின்ற் அடிச்சது ஆர் அக்கா, அத்தானோ?"

பிறகு சிரிப்புப் பொம்மைகளாகவே வந்து கொட்டின.

பக்கத்தில் இருந்த கணவர் இரத்தினசிங்கம் மெல்லச் சொன்னார்: "இஞ்சேரும், போட முதல் என்னட்ட ஒருக்கா கேட்டிருக்கலாமெல்லோ?"

"உங்களிட்டக் கேட்டு? நீங்களும் அவளின்ர அப்பிளைப் பாத்து வாயைப் பிளந்தனீங்கள்தானே!"

அப்போது போன் அடித்தது. அண்ணா. பொய் சொன்னதற்கு ஏச்சு விழப்போகிறது என்று பயந்துகொண்டே அன்ரி எடுத்தார்.

"ராணி, அந்தப் படம் உண்மையோ?"

"இடம் உண்மை அண்ணா. இண்டைக்கு எடுக்கேல்லை." மூக்கை உறிஞ்சினார். "மிருணான்ர படங்களைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது. அவளிட்ட எத்தினை தரம் போயிட்டியள்! நான் மட்டும் என்ன பாவம் செய்தனான்?"

அண்ணா குரலைத் தணித்தார்.

"சரி சரி, அழாத. எப்ப எடுத்தது?"

"ஏப்ரலில."

"ஏப்ரலிலயோ? அப்ப என்ர பிறந்தநாளுக்கு அங்க இப்பிடியோ இருக்கும்?"

"ஓம் அண்ணா. அப்பதானே இஞ்ச இலை கொட்டுற காலம்."

"எடி விசரி! இதை முதலே சொல்றதுக்கென்ன? இஞ்ச ஏப்ரலிலயும் வாசல்ல பனி அள்ளுறன். பிறந்தநாளெண்டு வெளியால உலாவப் போனதே இல்லை. நில், ரிக்கெற் போடுறன்!"

அகப்பட்டுப்போன பொய்தான் அண்ணாவைக் கூட்டி வருகிறது! அண்ணா அனுப்பிய ரிக்கெற்றை அன்ரி ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவில் போட்டார். அந்த மௌனத்தின் சுகம் அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் சுகம் ஒரு தேத்தண்ணி ஆறும் வரைக்கும்தான். மிருணாளினி எழுதினாள்: "அண்ணா போறாரெண்டா நானும் வாறன் அக்கா! எனக்கும் லீவு கிடக்கு!"

இன்று தோசைக்கடை வாசலில் அதைச் சொல்லும்போதும் அன்ரியின் முகம் சுருங்கியது. "வரட்டும். பிட்டு, இடியப்பம், நண்டுக்கறி, ஒரு குறையும் வைக்க மாட்டன். என்ர தங்கச்சிதானே. ஆனா அண்ணா வெள்ளிக்கிழமை வாறார், அவள் ஞாயிறுதான் வந்து இறங்குறாள். சனி விடிய முதல் ரெயினில நானும் அண்ணாவும் லூராவுக்குப் போயிட்டு வந்திடுவம். என்ர மனிசனையும் கூட்டிக்கொண்டு போகேல்லை!"

ஐயோ, அந்த நிமிடத்தில் அன்ரியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது!

சிட்னியில் இருப்பவர்களே, லூராவில் இப்போது இலைகள் சிவந்துவிட்டன. ரயிலேறிப் போய்ப் பாருங்கள், அண்ணன் தங்கைகளையும் கூட்டிப் போங்கள். இந்தச் சனிக்கிழமை அங்கே ஓர் உயரமான மனிதரின் கையைப் பிடித்தபடி யோகராணி அன்ரி நடப்பதைக் கண்டால் மட்டும், கூப்பிட்டுக் கதை கொடுக்காதீர்கள். அந்த ஒரு நாளை அவருக்கே விட்டுவிடுங்கள்.