துரைக்குக் காட்டிய சட்டை

பேத்தியின் பள்ளிச் சீருடையை எடுக்க அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை அடித்தது. இன்று மலேசியாவின் ஷா ஆலம் நகரத்து வீடுகளுக்கு அடியில் புதைந்துவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது.

ரப்பர் பால் கறை படிந்த கந்தலோடு தகரக் கொட்டகையில் படித்த எங்களுக்கு, தோட்ட மேலாளரான துரை பார்வையிட வரும் நாளில் மட்டும் பெட்டியிலிருந்து அந்துருண்டை மணக்கும் வெள்ளைச் சட்டை கிடைக்கும். அவருடைய கார் செம்மண் சாலையில் மறைந்ததும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி அவற்றைத் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார்.

ஒருமுறை என் தோழி அஞ்சலை சட்டையைத் திருப்பித் தர மறுத்தாள்.

"துரைக்குக் காட்டத்தானா ஐயா சட்டை? நாங்க போட்டுக்கக் கூடாதா?"

"தோட்டத்துச் சொத்து அது. வாயாடாத, கழட்டிக் குடு."

அவள் சட்டையோடு வீட்டுக்கு ஓடினாள். கிராணி தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே போய், அவள் அம்மாவை எல்லார் முன்னாலும் திட்டிச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு, இனி அவளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாதென்றார்.

மறுவாரம் அம்மாவோடு புல்வெட்டப் போய்க்கொண்டிருந்தவளிடம், "பள்ளிக்கூடத்துக்கு வரவே மாட்டியா?" என்று கேட்டேன்.

"வேலைக்குக் கந்தலோட போனா, வெள்ளைச் சட்டைய மாட்டி யாரும் அத ஒளிச்சு வைக்கிறதில்லடி" என்றாள்.