ஒன்றரை மணி நேர இடைவெளி

யார் வீட்டு ஜன்னல் திறந்திருந்தாலும் எட்டிப் பார்க்கும் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதே புத்திதான் பின்னால் சம்பளமும் வாங்கித் தந்தது. நந்தனத்தில் அண்ணா சாலையைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன அலுவலகம். நாங்கள் ஐந்து பேர். நம் நாட்டு இணையப் பெயர்களை, அதாவது 'டாட் இன்' என்று முடிகிற பெயர்களை, யார் வாங்குகிறார்கள், எந்த ஊரில், எந்த நேரத்தில், வாங்கி என்ன செய்கிறார்கள் என்று அலசிக் காட்டும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம்.

முதல் சில வாரங்கள் வேலை பார்த்ததைவிட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். குழந்தையின் பேரோடு பிறந்த வருஷத்தையும் சேர்த்துப் பதிந்து வைத்திருந்தார் ஓர் அப்பா. வருஷம் தவறாமல் புதுப்பித்துவிட்டு ஒரு பக்கம்கூடப் போடாத பல் டாக்டர் ஒருவர் இருந்தார். சாம்பார் சாதத்துக்கென்றே ஒரு பெயர். உள்ளே போனால் 'விரைவில்' என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

ஆனால் எங்களிடம் கருவியைக் கேட்ட 'டாட் இன்' பதிவேட்டுக்காரர்கள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. மோசடிக்காரர்கள் பெயர்களை மொத்தமாக வாங்கி, போலிக் கடையும் போலி வங்கியும் திறப்பார்கள். அவர்களுக்குப் பெயர் விற்கும் முகவர்களைக் கண்டுபிடித்து வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் தர வேண்டும். பட்டியலில் இருப்பவரின் கணக்கை விசாரணை முடியும்வரை முடக்கிவிடுவார்கள். அவரிடம் வாங்கியவர்களின் பெயர்களும் அதோடு நின்றுபோகும்.

கருவி பட்டியலில் முதலிடம் கொடுத்தது திருவல்லிக்கேணி முகவர் ஒருவருக்கு. அவர் மூலம் பதிவான பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே போன் நம்பர், ஒரே முகவரி. சில நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு குவியல் பதிவாகும். அதைவிட விசித்திரம், தினமும் பதிவுகளுக்கு நடுவே சரியாக ஒன்றரை மணி நேரம் ஒரு பெயர்கூடப் பதிவாகாது. அந்த இடைவெளியும் திங்கள் ஒரு நேரம், செவ்வாய் வேறு நேரம் என்று இடம் மாறும். ஆனால் ஒவ்வொரு திங்களும் அதே நேரம்தான். "மனுஷனால இவ்வளவு ஒழுங்கா இருக்க முடியாது, மெஷின்தான்" என்று நான்தான் சொன்னேன். ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி பெருமை வேறு.

மோசடிக்காரரை நேரில் பார்க்கும் ஆசை என்னை விடவில்லை. புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

மேன்ஷன் ஒன்றின் கீழே இருந்தது கடை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஜெராக்ஸ், கண்ணாடிக் கதவில் 'வெப்சைட் செய்து தரப்படும்'. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாய் போனில் உருதுவில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு, "இன்னாம்மா வேணும்?" என்றார்.

என் துணிக்கடைக்கு ஓர் இணையப் பெயர் வேண்டும், இப்போதே பதிய வேண்டும் என்று கூசாமல் புளுகினேன்.

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "இப்ப வேணாம்மா. ராகு காலம் போய்க்கினு கீது. ஒண்ணரைக்கு மேல போட்டுக்கலாம். குந்து, டீ சொல்றேன்."

எனக்குத் தலையில் குட்டு விழுந்த மாதிரி இருந்தது. பதிவேட்டில் நேரமெல்லாம் லண்டன் கணக்கில் இருக்கும், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதை நம் நேரத்துக்கு மாற்றிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் அதெல்லாம் பாக்கறதில்லைங்க" என்றேன், இன்னும் கொஞ்சம் கிளறலாமென்று.

"நான் மட்டும் பாக்கறேனா? நாளைக்கு வியாபாரம் ஓடலன்னா, ராகு காலத்துல போட்டுட்டியே பாய்னு என்னாண்டதான் வந்து நிப்பாங்க. முகூர்த்த நாளுன்னா கேக்கவே வேணாம். கல்யாணப் பத்திரிகை கணக்கா க்யூ."

எல்லாப் பெயருக்கும் உங்கள் நம்பரையே கொடுப்பீர்களா என்று கேட்டேன். "அவங்க மாசத்துக்கு ஒரு சிம் மாத்துவாங்க. புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் வந்தா யார் பாக்கறது?"

பெஞ்சில் எனக்கு முன்பே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கு மெஸ், ஒருவருக்குப் பூ அலங்காரம். ஒன்றரை அடித்ததும் பாய் மளமளவென்று தட்டினார், பன்னிரண்டிலிருந்து சேர்ந்த சீட்டுகளையும் சேர்த்து. எங்கள் திரையில் சிவப்பாக எழும் குவியல் என் கண்ணெதிரே உருவாகிக்கொண்டிருந்தது. அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துக்கொண்டே அவர் கடைக்குப் பூட்டு போட இருந்தேன். வெட்கமாக இருந்தது. அப்புறம் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் குழுத் தலைவி மயிலாப்பூர்க்காரர். கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏண்டி, இந்தக் கருவியை முதல் தடவை ஓட விட்டதே எமகண்டம் முடியட்டும்னு காத்துண்டிருந்துதானே? அதுவும் நான்தானே சொன்னேன்" என்றார். அன்று சாயங்காலமே ராகு காலத்தையும் முகூர்த்த நாட்களையும் கருவிக்குச் சொல்லிக் கொடுத்தோம். பாயின் வாடிக்கையாளர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எல்லாம் நிஜமான கடைகள். பாய் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பட்டியலை அனுப்ப உட்கார்ந்தேன். இன்னும் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். இப்போது முதலில் இருந்தவருக்கு வடகிழக்கு மாநிலம் ஒன்றில் ஏதோ ஓர் ஊர். பேரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. மாதத்தில் இரண்டு நாள் அவரிடம் ஒன்றுமே பதிவாகவில்லை. மூன்றாம் நாள் காலை ஒரே குவியல். நேரத்தை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. மோசடியாக இருக்கலாம். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கமாகவும் இருக்கலாம். திருவல்லிக்கேணி பாய் பிழைத்தது நந்தனத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போகலாம் என்பதால்தான். இந்த மனிதரின் கடைக்கு இங்கிருந்து பஸ் கிடையாது.

தலைவியிடம் பட்டியல் இன்று போகாது என்று சொல்லிவிட்டு, அந்த முகவரின் நம்பருக்குப் போன் போட்டேன்.