ஆரோக்கியம் சார் உடைத்த பல்

தேனி பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கம்பம் வண்டியின் கண்டக்டர் எங்கள் பள்ளியில் படித்தவர். படியில் தொங்கியபடியே கத்தினார்: "சார், ஆரோக்கியம் சார் போயிட்டாக! நாளைக்குக் காலைல அனுமந்தன்பட்டியில அடக்கம்!" வண்டி போய்விட்டது. என் நாக்கு தன்னால் மேல்வரிசைப் பற்களுக்கு நடுவே இருக்கிற ஓட்டையைத் தேடிப் போனது. அங்கே இருந்த பல்லை உடைத்தவர் அவர்தான். பாதி டீயை வைத்துவிட்டு நடந்தேன்.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல மனுசன்தான். ஆனா வாய்க்கு முந்தி கை வந்துரும். கூட வேலை பார்த்த வாத்தியார் பல்லையே பேத்தவராச்சே." நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பதினான்கு வருடமாகத் திறக்காத வாய். அவரோடு பழகிய உங்களில் பலரும் அவரை அந்த ஒரு குத்தால்தான் அறிவீர்கள். குத்து வாங்கியவன் சொல்கிறேன், கேளுங்கள்.

உத்தமபாளையம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவரும் நானும் அறிவியல் நடத்தினோம். கப்பிக் கணக்கு என்றால் என் வகுப்பில் இரண்டே வரி. சூத்திரத்தை எழுது, எடைகளைப் போடு, விடை வந்துவிடும். அவர் வகுப்பில் சூத்திரத்துக்கே வர விடமாட்டார். எந்தப் பொருளை யார் எந்தப் பக்கம் இழுக்கிறார்கள், உராய்வு எதற்கு எதிராக நிற்கிறது, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டாக வேண்டும். ஓர் அம்பு விட்டுப்போனால் டஸ்டர் பறக்கும், மர ஸ்கேல் உள்ளங்கையில் உடையும். "அம்பு போடாதவன் ஆளைக் கொல்லுவான்லே!" என்று அவர் போடுகிற கூப்பாடு என் வகுப்பு வரை கேட்கும். நான் என் மாணவர்களைப் பார்த்துச் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள்.

ஒருநாள் நேராக என் வகுப்புக்குள் வந்தார். கரும்பலகையில் நான் போட்டிருந்த கப்பியைப் பார்த்தார். "இது எதுலய்யா தொங்குது? அந்தரத்துலயா?" என்று கேட்டு, மாணவர்கள் முன்னால் முழங்கையால் படத்தை அழித்தார். நானும் ஒன்றும் சாது இல்லை. இடைவேளையில் ஆசிரியர் அறையில் அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். தமிழையா குறுக்கே விழுந்து பிரித்துவிட்டார். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில், பள்ளிக்கு விடுமுறை விடுவதற்கு முன்பே, மார்க்கையன்கோட்டையில் என் மாமனார் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தினோம். வெடி வைத்துப் பிளந்த கல்லை மேலே ஏற்ற வேண்டும். கொண்டுவந்த இரும்பு முக்காலி கோணிப்போனதால் கிணற்றுக்குக் குறுக்கே ஒரு பனந்தடியைப் போட்டு அதில் கப்பியைக் கட்டினோம். உள்ளே இறங்க வேண்டியவர் மாயாண்டி, அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கிணறு வெட்டுகிறவர். அவர் தடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தாங்குமா சார்?" என்றார். நானும் மைத்துனனும் தடியில் ஒரு கயிற்றைக் கட்டி, கிணற்றுக்கு மேலேயே தொங்கிக் காட்டினோம். தடி முனகக்கூட இல்லை. "ரெண்டு ஆள் கனம்தான்யா கூடை. நான் சயின்ஸ் வாத்தியார் சொல்றேன், தாங்கும். எறங்கு." மாயாண்டி இறங்கிவிட்டார்.

முதல் கூடை நிறைந்து, நான்கு பேர் கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்க, பாதிக் கிணறு ஏறி வந்தது. அப்போதுதான் ஆரோக்கியம் சார் சைக்கிளில் வந்தார். ஆய்வகச் சாவி என்னிடம் இருந்தது, அதை வாங்கிப்போக வந்தவர். அவர் கால் ஊன்றுவதற்குள் தடி சடசடவென்றது. நடுவில் வெள்ளையாக வாய் பிளந்தது. கூடைக்கு நேர் கீழே மாயாண்டி. "இழுங்க! வேகமா இழுங்க! வெளிய எடுத்துருவோம்!" என்று கத்தினேன். அவர்கள் வெட்டி இழுத்தார்கள். பிளவு இன்னும் அகன்றது.

"இழுக்காதீகடா! அப்படியே பிடிங்க!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடி வந்தார். "இழுங்கடா!" என்று நான் அவருக்கு மேலே கத்தினேன். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நான்கு பேரும் மறுபடி ஓர் எட்டு இழுத்தார்கள். அவ்வளவுதான், அவர் கைமுட்டி என் வாயில் இறங்கியது. கற்குவியலில் மல்லாந்து விழுந்தேன். வாய் முழுக்க ரத்தம், பல் மணலில் கிடந்தது. என் சத்தம் நின்ற அந்த நொடியில் அவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனது.

"மாயாண்டி! கெழக்கு ஓரமா, சுவத்தோட ஒட்டு!"

"ஒட்டிட்டேன் சார்!"

"விடுங்கடா கயித்தை!"

விட்டார்கள். கயிறு சாட்டை மாதிரி பறந்தது. கூடை கீழே போய் விழுந்த சத்தத்தில் தோட்டத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. தெறித்த கல் ஒன்று மாயாண்டியின் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிய உரித்துவிட்டது. ஆனால் தடி விழவில்லை, அரைகுறையாக ஒட்டிக்கொண்டு நின்றது. அது முறிந்திருந்தால் தடி, கப்பி, கூடை எல்லாம் சேர்ந்து அந்த மனிதன் தலையில்தான்.

ஆரோக்கியம் சார் என் பக்கத்தில் குந்தி, ரத்தம் சிந்திய மணலிலேயே ஒரு குச்சியால் தடியை வரைந்தார். "ரெண்டு பேர் தொங்கிப் பார்த்தோமே, கூடையும் அதே கனம்தான" என்று குழறினேன். "தொங்கிப் பார்த்தப்ப ஒரு பக்கம்தான்யா கனம். இப்ப கூடை இந்தப் பக்கம் கீழ இழுக்குது. நாலு பேரும் அந்தப் பக்கம் கீழதான இழுக்காக? ரெண்டும் தடி தலையிலதான் விடியும். நாலு ஆள் கனம்! பத்தாதுன்னு வேகமா இழுக்கச் சொல்ற. வேகத்தைக் கூட்டுனா கயித்துல இழுவிசை ஏறாதா? மிச்சத்தை ஒங்க அப்பனா வந்து தாங்குவான்?" இரண்டு அம்புகளும் கீழ்நோக்கி இருந்தன. பன்னிரண்டு வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவன் நான். என் சூத்திரத்தில் தடி கிடையவே கிடையாது. கப்பி எதில் தொங்குகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

மாயாண்டி படியைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தார். என்னைத் திட்டவில்லை. "தாங்கும்னு சொன்னீகளே சார்" என்றார். பல் போன வலியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமை வீங்கிய வாயோடு பள்ளிக்குப் போனேன். செய்தி அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. தலைமையாசிரியர் மேசையை அறைந்து, "அடிச்சீங்களா?" என்று கேட்டார். "அடிச்சேன்" என்றார் ஆரோக்கியம் சார். "எதுக்கு?" "கோவம் வந்துச்சு." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால் ஊரே என்னைக் காறித் துப்பியிருக்கும். என்னிடம் எழுதிக் கேட்டார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் எழுதினேன்: ஆம், அடித்தார். கையெழுத்தும் போட்டேன். மாயாண்டியை யாரும் கேட்கவில்லை. அந்த மாதமே ஆரோக்கியம் சாரை மலையடிவாரத்து லோயர் கேம்ப் பக்கம் மாற்றினார்கள். நான் கோழை. வேறு எப்படிச் சொல்ல?

பின்னாளில் ஒருமுறை கம்பத்தில் எதிரே வந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன், அவர் விடவில்லை. என் வாயைப் பார்த்துவிட்டு, "பல்லு கட்டலையாய்யா? கட்டாத. காத்து வெளிய போனா கத்துற சத்தம் கொறையும்" என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பிள்ளைகளுக்கு அம்பு போடச் சொல்லிக் குடுக்கிறியா?" என்றார். "குடுக்கிறேன் சார்." "அது போதும், போ."

கல்லறையில் பெட்டியை இறக்க இரண்டு கயிறுகள், நான்கு முனைகள். ஒரு முனையை நான் பிடித்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மனிதர் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து எதிர் முனையைப் பிடித்தார். மாயாண்டி. கயிற்றை ஒரு முறை பார்த்தார், பிறகு என்னை. "தாங்குமா சார்?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் எண்ணினேன். கீழ்நோக்கி ஓர் அம்பு, மேல்நோக்கி நான்கு. கப்பி இல்லை, தடி இல்லை. "தாங்கும் மாயாண்டி. மெதுவா விடு." கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு இறங்கியது. பெட்டி தரையைத் தொட்டதும் கயிறு தொய்ந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்தேன். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

உள்ளங்கைக் காந்தல் ஆறிவிட்டது. ஓட்டை இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகாவது பல் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள் என் மனைவி. கட்ட மாட்டேன். அது அவருடையது. இனி யார் கேட்டாலும் சொல்லுவேன்: நான் ஓர் ஆளைக் கொல்லப் போனேன், ஆரோக்கியம் சார் அடித்து நிறுத்தினார்.