இரண்டு பக்கமும் லீவு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஐந்தாறு குடும்பங்கள், மாதத்தின் முதல் புதன்கிழமை பாண்டியில் ஒரு பூங்காவில் கூடுவோம். யோசனைகளைப் பகிர்வது, ஒருவரை ஒருவர் ஊக்குவிப்பது என்று சொல்லிக்கொள்வோம். தோசையை வெட்டிப் பின்னக் கணக்கு சொல்லித்தருவது எப்படி என்று ஒருவர் அரைமணி நேரம் பேசினார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டது, பாண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையான கோரிமேட்டிலிருந்து வரும் ஒரு தகப்பனார் சொன்னதை மட்டும்தான்.

"ஏன் ஸ்கூலுக்கு அனுப்பலன்னு எவன் கேட்டாலும், எல்லைக்கு அந்தாண்ட படிக்குது, அங்க இன்னிக்கு லீவுன்னு சொல்லிடுங்க. யாரும் போய்ப் பாக்கப் போறதில்ல."

மூன்று வருடமாகக் கண்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி அலுத்திருந்த எனக்கு, அதைவிடப் பெரிய ஊக்கம் கிடைத்ததில்லை.

அடுத்த வாரம் திண்டிவனத்தில் தங்கை வீட்டிலிருந்து மகனோடு காலைப் பேருந்தில் திரும்பினேன். பக்கத்தில் ஒரு பெண், தன் மகளோடு உட்கார்ந்திருந்தார்.

"பையனுக்கு ஸ்கூல் இல்லீங்களா?" என்றார்.

"பாண்டியில இன்னிக்கு லீவுங்க" என்றேன். பதிலுக்கு நானும் கேட்டேன்.

"எங்களுக்குத் திண்டிவனத்துல லீவுங்க."

கோரிமேட்டில் பேருந்து நின்றது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகள் சீருடையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"மாசத்துல மொத புதன்கிழமை நாங்க சில பேரு பூங்காவுல கூடுவோம். வாங்களேன்" என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.