அண்ணை கடந்த ஆறு

லண்டன் ஸ்ட்ரெதமில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு நீல நைலோன் கயிறு தொங்குகிறது. முழத்துக்கு ஒரு முடிச்சாக ஒன்பது முடிச்சுகள். வெயில் காலத்தில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க யாழ்ப்பாணத்தில் நாங்கள் இப்படித்தான் கல்லைக் கட்டி இறக்குவோம். அண்ணை இந்தக் கயிற்றால் ஓர் ஆற்றையே அளந்தவர். கூடப்பிறந்தவர் அல்லர்; எங்கள் ஒழுங்கைக்காரர், ஒரே சந்தில் வீடு; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். போன மாசியில் அவர் காலமானதும் அண்ணிதான் கயிற்றை என்னிடம் தந்தார்.

போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஓடுகிற ஆறு அது. எங்கள் ஊரிலிருந்து அந்த வழியால் களவாக எல்லை கடந்து முதலில் போனவர்கள் நாங்கள் இருவரும்தான். வழி காட்ட ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. கிணறு தெரியும், கடல் தெரியும். ஓடுகிற தண்ணீரைப் பற்றி எங்களுக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்? விடியப்புறப் பனிமூட்டத்தில் அண்ணை கரையோரமாகக் கயிற்றை இறக்கிப் பார்த்தார். “இடுப்பளவுதான் தம்பி. ஒடுக்கமான இடம், பத்து எட்டில போயிடலாம்.” ஒடுங்கிய இடத்தில்தான் ஆறு ஆழமாகவும் வேகமாகவும் போகும் என்பது ஆற்றங்கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கையில் தந்துவிட்டு இறங்கினார். நாலாவது எட்டில் தலை மறைந்தது. பின்னால் எங்கோ ஒரு நாய் குரைத்தது. நான் கயிற்றை விட்டுவிட்டுப் பற்றைப் புதருக்குள் ஓடினேன்.

இதை எழுத இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆறு அவரை இழுத்துப்போய் ஒரு வளைவில் ஒதுக்கியது. அங்கே அது வயல்போல அகன்று கிடந்தது. முழங்கால் அளவு தண்ணீர். அக்கரையிலிருந்து அவருடைய விசில் கேட்டது. நான் போய் நடந்தே கடந்தேன். பிறகு எங்கள் ஊர்ப் பொடியள் எத்தனையோ பேர் அந்த வளைவால் வந்தார்கள். ‘அண்ணையின் துறை’ என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

லண்டனுக்கு வந்தபிறகு ஒரு பிறந்தநாள் வீடு மிச்சமில்லாமல் அண்ணை இந்தக் கதையைச் சொன்னார். பொங்கலுக்குப் பொங்கல் ஆறு ஒரு முழம் அகன்றது. சவுத்தாலில் ஒரு கலியாணத்தில் பனிக்கட்டிகூட மிதந்தது; நாங்கள் கடந்ததோ ஆவணியில்! ஆனால் கடைசி வரி மட்டும் மாறாது. “கயிறைப் பிடிச்சது இவன். இவன் விட்டிருந்தா நான் அண்டைக்கே முடிஞ்சன்.” எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் குனிந்து சோற்றைப் பிசைவேன். தண்ணீருக்குள் தத்தளித்ததில் அவருக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று நம்பினேன். தெரியவந்தால் அந்த மனுசன் முகத்தில் எப்படி முழிப்பது?

அவர் போவதற்கு முந்தின கோடையில் ஒருநாள், தேம்ஸ் பாலத்தில் எங்கள் கார் நெரிசலில் மாட்டி நின்றது. எந்தப் பாலத்தில் போனாலும் அவர் கேட்கும் கேள்வி வந்தது. “தம்பி, இதில எண்டா எங்க இறங்குவாய்?” அகலமான இடத்தில் என்பதுதான் என் வழக்கமான பதில். அன்றைக்கு அது வரவில்லை.

“அண்ணை, நான் கயிறை விட்டிட்டன்.”

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும். நீ பிடிச்சிருந்தா மற்ற முனை உன்னட்டையெல்லோ இருந்திருக்கும்? கரையேறேக்க ரெண்டு முனையும் என்னட்டத்தானே கிடந்தது.”

“பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“விசர்க் கதை கதைக்காத. பத்தொன்பது வயசுப் பொடியன் பயந்து ஓடினவன் எண்டு சபையில சொல்லுறதோ? நீ விட்டபடியாலதான் அந்த வளைவும் கிடைச்சது.” பிறகு என் தொடையில் ஒரு தட்டு. “முன்னால பார், கார் நகருது.”

இந்தப் பொங்கலுக்கு எல்லாரும் கதையை என்னிடம் கேட்டார்கள். ஆற்றை அதன் சரியான அகலத்துக்குச் சுருக்கி, பனிக்கட்டியை எடுத்துவிட்டு, நான் கயிற்றை விட்டதையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. “சும்மா இருங்கோ, அண்ணை பொய் சொல்லுவாரே?” என்று சிரித்தார்கள். கயிற்றை எடுத்துவந்து இரண்டு முனைகளையும் காட்டினேன். அண்ணிதான் அதை என் கையிலிருந்து வாங்கிச் சுற்றினார்.

“அவர் சொன்னது சொன்னதுதான். கொண்டுபோய்க் கொழுவுங்கோ.”

மாடிப்படிக்குக் கீழே பழையபடி கொழுவிவிட்டேன்.