பனிக்கடலில் றமோன் விட்டுக்கொடுத்த முறை

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பூசையில் சமாதானம் சொல்லும்போது இந்தக் கையைப் பிடித்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். இன்று நானே சொல்கிறேன்.

என் பெயர் வின்சன்ற். மன்னார்க் கரையில் பிறந்தவன். இளம் வயதிலேயே கப்பலில் வேலைக்குப் போனவன். 1984இல் மனைவி மெற்றில்டாவோடும் மூன்று பிள்ளைகளோடும் ரொறன்ரோவுக்கு வந்து மோர்னிங்சைட்டில் ஓர் அப்பார்ட்மென்றில் குடியேறினேன். ஒரு பிளாஸ்ரிக் ஃபாக்டரியில் வேலைக்கு நின்றேன். அங்கே ஆட்களைக் குறைத்தபோது என்னையும் நிற்பாட்டினார்கள். 1986 கோடையில், வட துருவப் பக்கம் போகும் ஒரு சரக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. கோடையில் மட்டும் கடல் திறக்கும் ஊர்களுக்கு மாவும் எண்ணெயும் வீடு கட்டும் பலகையும் கொண்டுபோகிற கப்பல். பனி விழ முதல் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று மெற்றில்டாவுக்குச் சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த மாதிரிக் கப்பல்களில் டொக்டர் இருப்பதில்லை. மருந்து அலுமாரியின் சாவி இரண்டாம் அதிகாரியிடம் இருக்கும். எங்கள் கப்பலில் அவர் பெயர் ஹரல்ட். முதலுதவி படித்தவர், காயத்துக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் குளிசை தருவார். அதற்கு மேலே என்றால் ரேடியோவில் கரையிலுள்ள டொக்டரைக் கேட்டு, அவர் சொல்கிறபடி செய்வார்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு காலை, கடல் கொந்தளித்து மேல்தளத்தில் கட்டியிருந்த பலகைகள் தளர்ந்துவிட்டன. திரும்பவும் இறுக்கிக் கட்டப் போனோம். தளமெல்லாம் உறைந்து வழுக்கியது. ஒரு பலகைக் கட்டுச் சரிந்து என் வலது கையை இரும்புச் சட்டத்தோடு நெரித்தது. நான் கத்தினேன். என்னை இழுத்தெடுக்கப் பாய்ந்தவர் றமோன். பிலிப்பைன்ஸ்காரர், மேல்தள வேலைக்கெல்லாம் பொறுப்பானவர். அவர் என்னை இழுத்துவிட்டார். கப்பலின் அடுத்த ஆட்டத்தில் அந்தக் கட்டு திரும்பி வந்து அவருடைய நெஞ்சில் அடித்தது.

இரண்டு பேரையும் ஒரே சின்ன அறையில் கிடத்தினார்கள். கப்பலைச் சுற்றிப் பனிப்பாறைகள் நெருங்கிவிட்டன. அதற்கு மேலே புகார், கண்ணை மறைக்கிற மூடுபனி. ஹெலிகொப்டர் பறக்க வழியில்லை. ரேடியோவும் வேலை செய்யவில்லை. வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுகிற காலத்தில் அந்தப் பக்கம் ரேடியோ அப்படித்தான் செத்துப்போகும். ஹரல்ட் மணிக்கணக்காகக் கூப்பிட்டார். இரைச்சல்தான் பதிலாக வந்தது.

என் கை ஓரிரு நாளில் பழுத்துவிட்டது. இரண்டு விரல்கள் கறுத்தன. அழுகல் மணம் வந்தது. அந்த மணத்தை நான் மறக்கமாட்டேன். மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்கைப் பக்கம் ஏறத் தொடங்கியது. ஹரல்ட் பென்சிலின் ஊசியோடு வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். சிறு வயதில் அந்த ஊசி போட்டு மூச்சு அடைத்துச் சாகப் போனவன் நான். அலுமாரியில் வேறு மருந்துகள் இருந்தன. எது, எவ்வளவு, கையை வெட்டித் திறக்கலாமா, எந்த இடத்தில் வெட்டுவது, அவருக்குத் தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தே நான் பயந்துபோனேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஜெபிக்க மனம் வரவில்லை. ஊரிலே சண்டைக்குத் தப்பி, பிள்ளைகளோடு கடல் கடந்து வந்தவனை இந்தப் பனிக்குள்ளேயா அழுகவிட வேணும் என்று ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஜெபத்தைத் தொடங்கியவர் றமோன். படுத்தால் அவருக்கு மூச்சு வராது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். செபமாலையை எடுத்து அவருடைய பாஷையில் பாதி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மீதிப் பாதியை நான் தமிழில் சொன்னேன். அப்படியே போனது. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. ஆனால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். செபமாலை முடிந்தபோது நான் அழுதேன். ஆண்டவரே, எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றும், எங்களோடு கதைக்க ஒரு டொக்டரைத் தாரும் என்று கேட்டேன். அதற்கு மேலே கேட்க எனக்குப் பெலன் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் ஹரல்ட் அறைக்குள் ஓடி வந்தார். கரை டொக்டர் லைனில் இருக்கிறார், சத்தம் வந்து வந்து போகிறது, எவ்வளவு நேரம் நிற்குமோ தெரியாது என்றார். யாரைப் பற்றி முதலில் கேட்பது என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

றமோன் சொன்னார். "முதலில் இவருடைய கையைக் கேளுங்கள். நான் எழும்பி இருந்து கதைக்கிறேன்தானே. என்னுடையது பொறுக்கும்."

ஹரல்ட் ஓடினார். கையைப் பற்றிக் கேட்டார். எந்தக் குளிசை, எத்தனை மணிக்கொரு தரம், எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம், எந்த நரம்பைத் தொடக்கூடாது, எல்லாவற்றையும் டொக்டர் சொன்னார். பிறகு ஹரல்ட் றமோனின் நெஞ்சைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த இடத்தில் லைன் போய்விட்டது. அது திரும்பி வரவில்லை.

கப்பல் குசினியில் சமையல் வேலை செய்த அன்ரனி அண்ணைதான் கையை வெட்டித் திறக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டவர். ஊர்காவற்றுறைக்காரர். அந்தக் கப்பலில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர். விறைக்க ஊசி போட்டார்கள். பழுத்த கையில் அது சரியாகப் பிடிக்கவில்லை.

"என்ர முகத்தைப் பார். கையைப் பாராத" என்றார் அண்ணை.

"அண்ணை, எனக்கு ஏதும் நடந்தால் மெற்றில்டாவிட்டைச் சொல்லுங்கோ."

"நான் சொல்லமாட்டன். நீயே போய்க் கதை."

வெட்டினார்கள். வெளியே வந்ததை நான் இங்கே சொல்லவில்லை. ஹரல்ட் இடையில் நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் சிவப்புக் கோடு இறங்கத் தொடங்கியிருந்தது. காய்ச்சல் விட்டது.

றமோனுக்கு உதடு நீலமாகிவிட்டது. ஹரல்ட் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார், ஒக்சிஜன் கொடுத்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அண்ணை சூப் வைத்துக் கொண்டுவந்தார். றமோனால் விழுங்க முடியவில்லை. என்னைப் பார்த்து, "காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அன்று மத்தியானத்துக்கு முன்பே அவர் போய்விட்டார்.

உடலை இறைச்சி வைக்கிற குளிர் அறையில்தான் வைத்தார்கள். வேறு இடம் இல்லை. அதற்குப் பிறகு அன்ரனி அண்ணை அந்த அறைக்குள் போகவில்லை. மாவையும் பருப்பையும் வைத்தே சமைத்தார். ஒருவரும் இறைச்சி கேட்கவுமில்லை.

பிறகு புகார் விலகியது. பனி உடைக்கும் கப்பலொன்றிலிருந்து ஹெலிகொப்டர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனது. விமானம் மாறி ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் அந்தக் கறுத்த விரல்கள் இரண்டையும் எடுத்தார்கள். மிச்சக் கை தப்பியது. மெற்றில்டா வேலை உடுப்போடு வந்து நின்றாள். பக்கத்து அப்பார்ட்மென்றில் இருக்கிற மட்டக்களப்புச் சிவமணி அன்ரி பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொண்டு, எனக்காகத் தன் கடவுளிடம் விரதம் இருந்தாவாம். மெற்றில்டா என் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

"உயிரோட வந்திட்டியள். அது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்றாள்.

றமோனைப் பற்றி அங்கிருந்த டொக்டரிடம் கேட்டேன். ரேடியோவில் கேட்டிருந்தாலும் அந்த நெஞ்சுக்குக் கப்பலில் வைத்துச் செய்ய ஒன்றும் இருந்திராது என்றார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் றமோனுக்கு அது தெரியாது. தனக்கும் உதவி வேணும் என்று தெரிந்துகொண்டேதான் எனக்கு முறையை விட்டுத் தந்தார்.

ஆஸ்பத்திரியால் வந்தபின் அவருடைய மனைவிக்கு ரெலிபோன் எடுத்தேன். கடைசியில் என்ன சொன்னார் என்று அவ கேட்டா. நடந்ததைச் சொன்னேன். பிறகு, "உங்கள் கை இப்போது எப்படி?" என்று கேட்டா. நான் ரிசீவரைப் பக்கத்தில் நீட்டினேன். மெற்றில்டாதான் வாங்கிக் கதைத்தாள்.

சகோதரரே, நான் இரண்டு உயிர்களைக் கேட்டேன். ஒன்று கிடைத்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் நல்லவன் என்பதால் தப்பினேன் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன், ஏனென்றால் என்னைவிட நல்லவர் அந்த அறையில் இருந்தார். ஆனால் இரைச்சலைத் தவிர ஒன்றும் வராத ரேடியோவில், நாங்கள் கேட்ட குரல் வந்தது. அதை நான் மறைக்க முடியாது. என் பிள்ளைகளுக்குத் தகப்பன் இருக்கிறான். அதற்காக ஒவ்வொரு நாளும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

இப்போது எனக்கு ஓர் ஒஃபிஸில் துப்புரவு வேலை. ஓய்வு நாட்களில் ரொறன்ரோத் துறைமுகத்துக்குப் போவேன். அங்கே வருகிற கப்பல்களில் யாருக்காவது நோய், வருத்தம் என்று வந்தால் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, கப்பல் தன் பாட்டில் போய்விடும். பாஷை தெரியாது, பார்க்க ஆள் வராது. அப்படிப்பட்டவர்களின் கட்டிலருகே போய் இருப்பேன். கடைச் சாமான் ஏதும் வேணுமென்றால் வாங்கிக் கொடுப்பேன். அவர்கள் ஜெபித்தால் நானும் என் பாஷையில் சேர்ந்து ஜெபிப்பேன்.

உங்களில் யாராவது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், கோபத்தோடென்றாலும் ஜெபியுங்கள். கேட்டபடியே எல்லாம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார். நான் கண்டவன்.

இப்பவும் ஆஸ்பத்திரியில் ஒரு மாலுமி இருக்கிறார். இடுப்பு முறிந்தவர், நல்ல இளம் மனிதன். அவருடைய பெயர் இன்னும் என் வாயில் சரியாக வரவில்லை. பின்னேரம் அவரைப் பார்க்கப் போகிறேன். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.